பண்டிகைக்கு வீட்டார் கூடும்போது சாட்சி சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவன் தன் வாழ்க்கையில் செய்ததைச் சபையில் மைக்கைப் பிடித்துத் தடுமாறாமல் சாட்சியாகச் சொல்கிறவர்கள்கூட, கிறிஸ்மஸுக்கோ ஈஸ்டருக்கோ வீட்டுக்கு வந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகிறார்கள். சபைக்கு உங்களுடைய ஒரு பக்கம்தான் தெரியும், வீட்டாருக்கு எல்லாப் பக்கமும் தெரியும். நீங்கள் சொல்லப்போகும் கதையில் பாதியை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். இன்னொரு பாதியில் அவர்களே பாத்திரங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சாட்சிக்கும் பிரசங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

சாட்சி என்பது நீதிமன்றத்துச் சொல். கூண்டில் ஏறியவர் தான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்லலாம். வாதாடுவது வக்கீலின் வேலை, தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதனைப் பாருங்கள். அவனைச் சுற்றி நின்று குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இரண்டு இடங்களில் அவன் ‘எனக்குத் தெரியாது’ என்றே சொல்லிவிடுகிறான். முன்பு குருடன், இப்போது பார்க்கிறேன் என்ற ஒன்றில் மட்டும் அசையாமல் நிற்கிறான்.

நீங்கள் சொல்வது சாட்சியா பிரசங்கமா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வாக்கியம் யாரைப் பற்றியது என்று பாருங்கள். ‘நான்’, ‘எனக்கு’ என்று ஓடிக்கொண்டிருந்தது ‘நீங்க’, ‘எல்லாரும்’, ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்க’ என்று திரும்பும் இடத்தில் பிரசங்கம் தொடங்கிவிட்டது. வெளியார் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டில் முதல் ‘நீங்க’ விழும்போதே முகங்கள் மாறிவிடும்.

வீட்டாரிடம் சொல்வது மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

உங்கள் விசுவாசம் குறைந்துபோனதால் அல்ல. தீர்க்கதரிசிக்குச் சொந்த ஊரிலும் சொந்த வீட்டிலும் கனமில்லை என்று இயேசுவே சொன்னார் (மாற்கு 6:4). அவருடைய சகோதரரும் அப்போது அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5).

இதில் வீட்டாரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘அதுக்கு முன்னாடி என் வாழ்க்கை வெறுமையா இருந்துச்சு’ என்று நீங்கள் உருக்கமாகச் சொல்கிறீர்கள். அம்மாவின் காதில் அது ‘நீ என்னைச் சரியாக வளர்க்கவில்லை’ என்று விழுகிறது. நீங்கள் நினைத்தது அதுவல்ல, ஆனாலும் அவருக்குக் காயம் பட்டுவிடுகிறது. ஆகவே சாட்சியின் முதல் இரண்டு வாக்கியங்களில், வீடு உங்களுக்குத் தந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘பரீட்சையில ஃபெயில் ஆனப்போ அப்பா ஒரு வார்த்தை திட்டல’ என்பது போல அது உண்மையாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். ‘நல்ல குடும்பத்துல பிறக்க வெச்சார்’ என்ற பொதுப் பேச்சு யார் மனதையும் தொடாது.

எவ்வளவு நேரம் பேசலாம்? எப்படித் தயாரிப்பது?

மூன்று நிமிடம். மிஞ்சினால் ஐந்து. அப்போஸ்தலர் 26-இல் பவுல் அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் சொல்லும் சாட்சியைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நிதானமாக வாசித்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ராஜசபைக்கு அது போதுமானதாக இருந்தது.

கூடுகைக்கு ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்குங்கள். கையால் எழுதினால் ஒரு முழுத்தாளின் ஒரு பக்கத்துக்குமேல் போகக் கூடாது. பவுலின் சாட்சியில் முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது என்ற மூன்று பகுதிகளும் இருக்கின்றன. பெரும்பாலோர் முதல் பகுதியிலேயே முக்கால் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். சபையில் அது எடுபடும். வீட்டிலோ அந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்தது, பலருக்கு வலித்ததும்கூட. எனவே முன்பு இருந்ததற்கு ஐந்து வரி, நடந்ததற்கு ஐந்து வரி, மீதிப் பக்கம் முழுவதையும் பிறகு ஆனதற்குக் கொடுங்கள்.

எழுதியதை இரண்டு முறை திருத்துங்கள். முதல் முறை, பொத்தாம்பொதுவான ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பதிலாகவும் ஒரு காட்சியை வையுங்கள். ‘மிகுந்த மனச்சோர்வில் இருந்தேன்’ என்பதற்குப் பதில், ‘வேலை போனதை மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லல. தினமும் காலையில ஆபீஸ் போற மாதிரி கிளம்பி லைப்ரரியில உட்கார்ந்துட்டு வருவேன்’ என்று சொன்னால், கேட்பவர் அந்த நாற்காலியில் உங்களைப் பார்த்துவிடுவார். இரண்டாம் முறை, வீட்டார் சரிபார்க்கக்கூடிய எல்லா விவரங்களையும் சரிபாருங்கள். எந்த வருடம், எந்த வீடு, அப்போது யார் கூட இருந்தார்கள். ஒரு சின்னத் தேதி தவறினாலும், ‘அது அந்த வருஷம் இல்லடா’ என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பிறகு போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே குரல் பிரசங்க ராகத்துக்கு ஏறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். நீங்கள் வீட்டில் பேசும் குரல் அதுவல்ல. கடைசியாகத் தாளை வைத்துவிடுங்கள். மனப்பாடம் வேண்டாம், மூன்று காட்சிகள் வரிசையாக நினைவில் இருந்தால் போதும்.

எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

வருடக்கணக்கில் சபைக்குள்ளேயே பேசிப் பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டமான வேலை. எருசலேமில் ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது பவுல் எபிரெய பாஷையில் பேசத் தொடங்கினார். அதைக் கேட்டதும் அவர்கள் அதிக அமைதலானார்கள் என்று அப்போஸ்தலர் 22:2 சொல்கிறது. வீட்டிலும் அப்படித்தான், வீட்டுப் பாஷைக்கே காது திறக்கும்.

‘இரட்சிக்கப்பட்டேன்’ என்றால் எதிலிருந்து என்று சபைக்கு வெளியே இருப்பவருக்குப் புரியாது. எதிலிருந்து விடுபட்டீர்களோ அதையே சொல்லுங்கள். கோபமா, பயமா, கடன் வாங்கும் பழக்கமா, ஒருவரை மன்னிக்க முடியாமல் கிடந்ததா? ‘உடைக்கப்பட்டேன்’ என்பதற்கு ‘அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன்’ போதும். ‘எனக்கு ஒரு பாரம் இருந்தது’ என்றால் ‘அதையே நினைச்சுட்டு இருந்தேன்’ என்று சொல்லலாம். ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்பதில் நின்று யோசியுங்கள். வசனத்தை வாசிக்கும்போது ஒரு வரி உங்களை நிறுத்தியதா, மனதில் ஒரு தெளிவு வந்ததா, ஒருவர் சொன்ன வார்த்தை சரியான நேரத்துக்கு வந்ததா? நடந்தது எதுவோ அதை அப்படியே சொன்னால் கேட்பவருக்கும் பிடிபடும், உங்களுக்கும் அது இன்னும் உண்மையாகும்.

ஒரேயடியாகத் தவிர்க்க வேண்டியவை கேட்பவரை வெளியே நிறுத்தும் சொற்கள். ‘உலகத்தார்’, ‘புறஜாதிகள்’, ‘இருளில் இருக்கிறவர்கள்’, ‘பழைய மனுஷன்’. உங்களுக்குச் சோறு போட்டு வளர்த்தவரின் எதிரில் உட்கார்ந்து ‘இருள்’ என்று சொன்னால், அவர் எந்த இருளை நினைத்துக்கொள்வார்? வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘ஸ்தோத்திரம்’, ‘அல்லேலூயா’ இரண்டையும் இந்த மூன்று நிமிடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அவை தேவனிடம் சொல்ல வேண்டியவை. பேச்சின் இடைவெளியை நிரப்ப அவற்றைப் பயன்படுத்துவது அவற்றுக்கே மரியாதையல்ல.

எந்த நேரத்தில், எந்த இடத்தில்?

வந்து இறங்கிய அன்றே வேண்டாம். பயணக் களைப்பு, நலம் விசாரிப்பு, யார் எங்கே படுப்பது என்ற ஏற்பாடு எல்லாம் அன்றைக்கு இருக்கும். பரிமாறிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம், ஏனென்றால் சமைத்தவர் உட்காரவே மாட்டார். பல வீடுகளில் கேட்க வேண்டியவரே அவர்தான். நள்ளிரவு நெருங்கும்போதும், யாராவது குடித்திருக்கும்போதும், சொத்துப் பேச்சோ கல்யாணப் பேச்சோ நடந்து முடிந்த சூட்டிலும் வாயைத் திறக்காமல் இருப்பதே ஞானம்.

இரண்டாம் நாள் மாலை நன்றாக இருக்கும். அதைவிட நல்லது கை வேலையாக இருக்கும் நேரம். பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, சேர்ந்து நடக்கும்போது, வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது. முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை என்பதால் மௌனம் விழுந்தாலும் உறுத்தாது. அப்பாக்களும் அண்ணன்களும் இப்படிப்பட்ட நேரத்தில்தான் பதிலுக்குப் பேசுவார்கள். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அந்திரேயா முதலில் ஒரே ஒருவரிடம்தான் போனான், தன் சகோதரன் சீமோனிடம் (யோவான் 1:41).

அனுமதி கேட்க வேண்டுமா? சொந்த வீட்டில் அது செயற்கையாக இருக்காதா?

கேட்க வேண்டும். செயற்கையாக இருக்காது, கேட்கும் விதத்தில் இருக்கிறது. மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். எதைப் பற்றி, எவ்வளவு நேரம், மறுக்கவும் இடம் உண்டு. ‘அப்பா, போன வருஷம் எனக்கு நடந்த ஒரு விஷயத்தை உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அஞ்சு நிமிஷம்தான். இப்ப முடியலேன்னா பரவாயில்ல, அப்புறமா சொல்றேன்.’ தம்பி தங்கையாக இருந்தால் இன்னும் இலகுவாக, ‘ஒரு விஷயம் சொல்லவா? ஆர்க்யூ பண்ண வரல, சும்மா கேளு’ என்று சொல்லலாம்.

‘வேண்டாம்’ என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அந்த ஒரு ‘சரி’யை எத்தனை மரியாதையாகச் சொல்கிறீர்களோ அத்தனைக்கு அடுத்த வருடம் கதவு திறந்திருக்கும்.

எனக்குப் பெரிய அற்புதம் எதுவும் நடக்கவில்லை. நான் என்ன சொல்வது?

பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்தது (2 தீமோத்தேயு 1:5). குழந்தைப் பருவத்திலிருந்தே வேதத்தை அறிந்தவன் (3:15). தமஸ்குவுக்குப் போகும் வழியில் பவுலுக்கு நடந்தது போன்ற திடீர்த் திருப்பம் அவனுக்குக் கிடையாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குத் தன் மனமாற்றத்தை 1738 மே 24, இரவு ஏறக்குறைய 8:45 என்று நேரம் குறித்துச் சொல்ல முடிந்தது. எழுத்தாளர் சி. எஸ். லூயிஸுக்கோ 1931 செப்டம்பரில், அண்ணன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டு வண்டியில் உட்கார்ந்து மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, கிளம்பும்போது இல்லாத விசுவாசம் இருப்பது தெரிந்தது. இடையில் பெரிய உணர்ச்சியோ பெரிய சிந்தனையோ இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

உங்களுக்குத் தேதி இல்லையென்றால் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில், விசுவாசம் இல்லாதிருந்தால் நீங்கள் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கக்கூடிய ஒரு சந்தர்ப்பம் எது? ஒரு கடிதத்தை அனுப்பாமல் கிழித்ததாக இருக்கலாம், ஒருவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டதாக இருக்கலாம். அதுவே உங்கள் சாட்சி. அதை ஊதிப் பெரிதாக்காதீர்கள்.

பழைய தவறுகளை எவ்வளவு வெளிப்படையாகச் சொல்லலாம்?

உங்களுடையதை, தேவையான அளவுக்கு. மற்றவருடையதை ஒரு சொல்கூட வேண்டாம். அப்பாவின் குடி, அண்ணனின் கடன், அக்காவின் கணவரோடு நடந்த சண்டை இவையெல்லாம் உங்கள் கதையின் பின்னணியாக இருக்கலாம். ஆனாலும் அவை அவர்களுடைய கதைகள். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவற்றை எடுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லை. அவற்றைத் தொடாமல் சொல்லவே முடியாது என்றால், சம்பந்தப்பட்டவரிடம் முன்பே தனியாகப் போய், சொல்லப்போகும் வாக்கியத்தை அப்படியே சொல்லிக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

உங்கள் தவறால் வீட்டில் ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தால் வரிசை முக்கியம். முதலில் தனியாக மன்னிப்பு, பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது, அதன் பிறகுதான் சாட்சி. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகுதான் ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்ற வார்த்தையைக் கேட்கிறோம் (லூக்கா 19:8, 9). தங்கையிடம் வாங்கிய பணத்தைத் தராமல் தங்கையின் முன்னால் மனமாற்றத்தைப் பற்றிப் பேசினால், அவள் காதில் அந்தத் தொகை மட்டுமே ஒலித்துக்கொண்டிருக்கும்.

‘முழுசா மாறிட்டேன்’ என்றும் சொல்லாதீர்கள். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் கடற்புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். ஆனால் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பல்களில்தான் இருந்தார். அந்த வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788-இல். மனந்திரும்புதல் ஆழம் போய்ச் சேர நாற்பது வருடம் ஆனது. ‘இன்னும் எனக்குக் கோபம் வருது, முன்ன மாதிரி நாள்கணக்கா பேசாம இருக்கறதில்ல’ என்று சொல்லுங்கள். வீட்டாரால் மறுக்க முடியாத வாக்கியம் அது.

சுகம் பெற்ற சாட்சியைச் சொல்லலாமா? அதே நோயில் எங்கள் வீட்டில் ஒருவர் இறந்திருக்கிறார்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. ‘விசுவாசத்தோட ஜெபிச்சேன், அதனால சுகமானேன்’ என்ற வாக்கியத்தில் உள்ள ‘அதனால’, கணவரை இழந்து உட்கார்ந்திருக்கும் சித்தியிடம் ‘உன் ஜெபத்தில் குறை’ என்று சொல்லிவிடும். நீங்கள் அப்படி நினைக்கவே இல்லை என்றாலும் சொல்லிவிடும். அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் வசனத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான். சில வசனங்கள் கழித்துப் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே காலம். ஏன் இப்படி என்று அங்கே விளக்கமே இல்லை. நாமும் விளக்கம் கொடுக்க வேண்டாம்.

இழப்பைச் சந்தித்தவரிடம் கூடுகைக்கு முன்பே தனியாகப் பேசுங்கள். அவரால் கேட்க முடியாது என்றால் அந்தச் சாட்சியை இந்த வருடம் சொல்லாதீர்கள். முடியும் என்றால் காரணகாரியம் சேர்க்காமல் நன்றியை மட்டும் சொல்லுங்கள். மருத்துவரையும் மருந்தையும் அறுவை சிகிச்சையையும் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அதே அறையில் இருப்பார். அதோடு, உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது தன் மாத்திரையை நிறுத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. ‘மருந்தை நான் விடல, இன்னும் சாப்பிடறேன்’ என்று உங்கள் நிலைமை எதுவோ அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பலர் வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள். எப்படிச் சொல்வது?

அவர்களுடைய வழிபாட்டு நேரத்திலும் வழிபாட்டு இடத்திலும் சொல்லக் கூடாது. அவர்கள் வணங்குவதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், ஒப்பிடவும் வேண்டாம். ‘கர்த்தர்’, ‘தேவன்’ என்பதைவிடக் ‘கடவுள்’ அவர்களுக்குப் பழகிய சொல். இயேசுவின் பெயரை மறைக்காமல், அதே நேரத்தில் புரியும்படி, ‘இயேசுகிட்ட வேண்டிக்கிட்டேன்’ என்று சொல்லலாம்.

முக்கியமாக, அவர்களுடைய கதையைக் கேளுங்கள். ‘உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த காலத்துல எது தாங்கிச்சு, அத்தை?’ என்று கேட்டுவிட்டுக் கடைசிவரை குறுக்கிடாமல் இருங்கள். திருத்தக் கூடாது, நடுவில் உங்கள் கதையைச் செருகவும் கூடாது. கேட்கத் தெரியாதவருக்குச் சொல்லும் தகுதி வராது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

ஒரே விசுவாசம், வேறு வேறு சபை. அதிலும் சண்டை வருகிறதே?

சில நேரம் வேறு மதத்தாரைவிட இங்கேதான் சூடு அதிகம். காரணம் பெரும்பாலும் ஓர் அடைமொழி. ‘அப்புறம்தான் உண்மையான ஞானஸ்நானம் எடுத்தேன்’ என்பதில் உள்ள ‘உண்மையான’, குழந்தையான உங்களைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போன அப்பா அம்மாவின் அந்த நாளைப் பொய்யாக்குகிறது. ‘ஜீவனுள்ள சபை’, ‘பெயர்க்கிறிஸ்தவர்’ இரண்டும் அதே வகை. இவற்றை எடுத்துவிட்டாலே பாதிச் சண்டை வராது. நீங்கள் ‘ஜெபம்’ என்பதை அவர்கள் ‘செபம்’ என்றால் நீங்களும் அவர்கள் வீட்டில் செபம் என்றே சொல்லுங்கள். ஒரு எழுத்துக்காக யாரும் பரலோகத்தை இழப்பதில்லை.

வாக்குவாதம் தொடங்கிவிட்டால்? கேலி செய்தால்?

அகிரிப்பாவுக்கு முன்னால் பவுல் பேசிக்கொண்டிருக்கும்போதே ரோம ஆளுநர் பெஸ்து, ‘உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது’ என்று சத்தமிட்டான். பவுல் அவனை மரியாதையாக விளித்து, ஒரே வாக்கியத்தில் மறுத்துவிட்டுத் தொடர்ந்தார். வாக்குவாதத்தில் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். ஒரு பதில், ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல்.

கேள்வி உண்மையான கேள்வியாக இருந்தால் அது வேறு. தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் ‘தெரியல மாமா, படிச்சுட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு நிஜமாகவே படித்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் பார்வையாளர்களாகத் திரும்பி உட்காரத் தொடங்கினால் அது மேடையாகிவிட்டது என்று பொருள். ‘இதை நாம ரெண்டு பேரும் தனியா பேசலாம்’ என்று எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போங்கள். வாக்குவாதத்தில் ஜெயித்து உறவைத் தோற்றவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

உங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாக. அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை என்றால் அவர்களுடைய அப்பா அம்மாவைக் கேட்டுவிட்டு, அவர்களும் இருக்கும் இடத்தில். ‘அம்மாகிட்ட சொல்லாத’ என்ற வார்த்தை எந்த நல்ல நோக்கத்துக்காகவும் ஒரு குழந்தையிடம் சொல்லத் தகாதது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் அப்படியே. அந்தப் பயம் இரவில் படுக்கையில்தான் வெளிவரும்.

வேதத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை அழகானது. இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்ததும் தேவன் பன்னிரண்டு கற்களை நாட்டச் சொல்கிறார், ‘இந்தக் கற்கள் ஏன்?’ என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்வதற்காக (யோசுவா 4). ஒரு பொருளைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஓரம் மடிந்த பழைய வேதாகமம், ஒரு புகைப்படம், தாத்தா கையெழுத்தில் தேதி போட்ட தாள். கேட்கும் வரை காத்திருங்கள். கேட்டால் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுங்கள்.

தாத்தா பாட்டியின் சாட்சியைப் பதிவு செய்து வைக்க ஆசை. என்ன செய்ய வேண்டும்?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த பண்டிகைக்கு அவர்களுக்கு ஞாபகம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காலை நேரம் நல்லது, பெரியவர்கள் தெளிவாக இருப்பார்கள். ஒரு அமர்வுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் போதும், மீதியை மறுநாள் தொடரலாம். கதவு, ஜன்னல் சாத்திய சின்ன அறை, மெத்தை, திரைச்சீலை உள்ள அறை என்றால் எதிரொலி குறையும். ஃபேனின் காற்று நேராக மைக்கில் அடித்தால் பதிவு முழுக்க இரைச்சல்தான் இருக்கும், எனவே வேகத்தைக் குறைத்துப் போனை அதன் காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் சரியாக முக்கியமான இடத்தில் அழைப்பு வரும். மேசைமேல் நேரடியாக வைத்தால் தட்டும் ஒவ்வொரு விரலும் பதிவாகும், கீழே மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். வாயிலிருந்து ஒரு முழம் தூரம் சரியாக இருக்கும். முதலில் ஒரு நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சார்ஜும் சேமிப்பு இடமும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதிவு செய்வதை அவர்களுக்குச் சொல்லாமல் செய்யக் கூடாது. யார் யாருக்குக் காட்டலாம் என்றும் கேட்டு, அந்தப் பதிலையும் பதிவிலேயே வையுங்கள்.

‘உங்க சாட்சியைச் சொல்லுங்க பாட்டி’ என்று கேட்டால், சபையில் சொல்லிச் சொல்லி வழவழப்பான இரண்டு நிமிடக் கதைதான் வரும். சின்னதாகக் கேளுங்கள். உங்களுக்கு ஜெபம் பண்ண யார் சொல்லிக் கொடுத்தாங்க? எந்தப் பாட்டு மனப்பாடமா தெரியும்? ஜெபிச்சும் கிடைக்காதது எது? அப்போ கோபம் வந்துச்சா? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பிறகு நீண்ட மௌனம் வரலாம். பத்து விநாடி வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள். நல்ல பதில்கள் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் வருகின்றன.

முடிந்த அன்றே கோப்புக்குப் பெயரும் தேதியும் போட்டு, இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வையுங்கள். போன் தொலைந்துபோய் ஒரே பதிவையும் இழந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து.

வெளியூரில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

தனிப்பட்ட முறையில், கேட்டுவிட்டு அனுப்பலாம். குடும்பக் குழுவில் வேண்டாம். அங்கே பதில் சொல்லாமல் இருப்பதும் எல்லாருக்கும் தெரியும், அது ஒரு நெருக்கடி. வாய்ஸ் மெசேஜ் என்றால் இரண்டு நிமிடத்துக்குள். அது எங்கே வேண்டுமானாலும் ஃபார்வர்ட் ஆகும் என்பதை மனதில் வைத்து, மற்றவர் பெயர் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகன் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டான். இந்தப் பண்டிகையில் சாட்சி சொல்லி அவனைத் திருப்ப முடியுமா?

உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் அவனைக் குறி வைத்துச் சொல்லும் சாட்சி தூண்டில் ஆகிவிடும். அவன் அதை முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, மகனோடு பேசி அவனைத் திருத்துங்கள் என்று ஓர் ஆயரிடம் கெஞ்சினார். அவர் மறுத்தார். இப்போது அவன் கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்றார். இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோகாது என்றும் சொன்னார். வருடங்கள் கழித்து, 387-இல், மிலானில் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார். அதே வருடத்தில் மோனிக்கா காலமானார், மகன் திரும்பியதைப் பார்த்துவிட்டு.

மகன் வீட்டுக்கு வருகிறானே, அது பெரிய விஷயம். அவனுடைய வேலையைப் பற்றி, நண்பர்களைப் பற்றி, அவன் படிப்பதைப் பற்றிக் கேளுங்கள். ஜெப நேரத்தில் உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் விலகியதற்கு நீங்களோ சபையோ கொடுத்த காயம் காரணமாக இருந்தால், நீங்கள் சொல்ல வேண்டியது சாட்சி அல்ல, மன்னிப்பு. அதையும் ‘ஆனா நீயும்’ என்று தொடராமல் முடித்துவிடுங்கள்.

சொல்லி முடித்த பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. தோற்றுவிட்டேனா?

இல்லை. மூன்று நிமிடம் ஒருவரும் எழுந்து போகாமல் கேட்டார்கள். ‘என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டு அந்த மௌனத்தை உடைக்காதீர்கள். உங்களுக்குப் பல மாதம் எடுத்ததை அவர்கள் அரை நிமிடத்தில் செரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘கேட்டதுக்கு நன்றி’ என்று சொல்லிவிட்டு வழக்கமான வேலைக்குத் திரும்புங்கள். ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் ஒரு போன் போடுங்கள், ஆனால் இதைப் பற்றிப் பேச அல்ல. அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்க. அவர்களாக எடுத்தால் பேசுங்கள்.

நாளைக்கே எல்லாரும் கூடுகிறோம், எதுவும் தயாரிக்கவில்லை. என்ன செய்ய?

லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து, இயேசுவால் விடுதலையான மனிதனுக்கு ஒரு நாள் பயிற்சிகூட இல்லை. உன் வீட்டாரிடம் போ, கர்த்தர் உனக்கு இரங்கி உனக்குச் செய்ததைச் சொல் என்று இயேசு அவனை அனுப்பிவிட்டார் (மாற்கு 5:19). மூன்று வாக்கியங்களை இன்றிரவு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘இந்த வருஷம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த நேரம் இது. அப்போ நான் இப்படி வேண்டிக்கிட்டேன். இப்ப நான் இப்படி இருக்கேன்.’ ‘இது’, ‘இப்படி’ என்று இருக்கும் மூன்று இடங்களிலும் உங்கள் விவரத்தை நிரப்பி, ஒரு முறை சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.